சளியில் கிருமி இல்லையென்றால்

மூன்று வாரம் தாண்டியும் நிற்காத இருமல், சாயங்காலக் காய்ச்சல், குறைந்துகொண்டே வரும் எடை, சளியில் ரத்தக் கீற்று. நம் ஊரில் இதைக் கேட்டதும் டாக்டருக்கும் வீட்டாருக்கும் முதலில் தோன்றுவது டிபி. அதில் தவறில்லை. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். தவறு அடுத்த படியில் நடக்கிறது. சளியில் கிருமி தெரியவில்லை, எக்ஸ்ரேயில் நிழல் இருக்கிறது, எதற்கும் டிபி மாத்திரை ஆரம்பிப்போம், இரண்டு மாதம் கழித்து மறுபடி படம் எடுப்போம் என்று முடிவாகிறது. நுரையீரல் கேன்சர் உள்ளவருக்கு அந்த இரண்டு மாதம் பெரிய இழப்பு. இந்த நோயைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான். டிபி என்றாலும் கேன்சர் என்றாலும் ஆதாரம் வேண்டும். ஆதாரம் கிடைக்குமுன் மாத்திரை தொடங்க நேர்ந்தால், தேடல் அன்றே நின்றுவிடக் கூடாது.

“பத்தில் ஒன்பது பேருக்கு டிபியாக இருக்கும்போது எல்லாரையும் ஸ்கேனுக்கும் பயாப்சிக்கும் அனுப்ப முடியுமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாரையும் அனுப்பச் சொல்லவில்லை. சிபிநாட் பரிசோதனை சளியில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடி இரண்டு மணி நேரத்தில் விடை சொல்கிறது. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். கிருமி உறுதியானால் சிகிச்சையைத் தயங்காமல் தொடங்கலாம். கிருமி மிகக் குறைவாக இருந்தால் இதிலும் சிக்காமல் போகலாம் என்பது உண்மை. அதனால் ‘இல்லை’ என்று வந்த முடிவு டிபியை முற்றாக விலக்கிவிடாது, ஆனால் டிபி என்று தீர்மானிக்கவும் இடம் தராது. இங்கே ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. கட்டி அடைத்த மூச்சுக்குழாய்க்குப் பின்னால் சளி தேங்கிச் சாதாரண நிமோனியா வரும். மருந்தில் அது தணிந்து காய்ச்சல் விட்டதும், மாத்திரை வேலை செய்கிறது என்று வீடே நிம்மதியடையும். கட்டி அங்கேயேதான் இருக்கும். பழைய டிபி தழும்பு உள்ளவருக்குக் கேன்சர் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால், ‘முன்பு வந்த டிபிதான் திரும்பிவிட்டது’ என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது.

சில அடையாளங்கள் தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம். தொண்டை வலி இல்லாமலே குரல் கம்மிப்போவது, தோள்பட்டையில் தொடங்கிக் கையின் உள்பக்கம் இறங்கும் வலி, ஒரு பக்கக் கண்ணிமை தொங்குவது, காலையில் முகமும் கழுத்தும் வீங்குவது, புதிதாக வந்த முதுகெலும்பு வலி, தலைவலி, வலிப்பு. விரல்களையும் பாருங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகு ஒட்டிப் பிடித்தால், நகத்தின் அடிப்பகுதியில் சிறு சாய்சதுர இடைவெளியில் வெளிச்சம் தெரிய வேண்டும். அது மறைந்து நுனி உருண்டிருந்தால் நெஞ்சை ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது. வேறு நோய்களிலும் நகம் இப்படி ஆவதுண்டு, அவையும் கண்டுபிடிக்கப்பட வேண்டியவைதான். ‘பீடி, சிகரெட் தொட்டதே இல்லை’ என்ற பதில் யாரையும் இந்த நோயிலிருந்து விலக்கிவிடாது. புகையிலைதான் முதல் காரணம் என்பது 1950இலேயே தெளிவாகிவிட்டது. ஆனால் புகைக்காத பெண்களுக்கு வரும் அடினோகார்சினோமா என்ற நுரையீரல் கேன்சர் வகை நம் நாட்டில் அபூர்வமில்லை.

பயாப்சி என்றதும் வரும் ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பயம்தான் அடுத்த தடை. பயாப்சி ஊசி போன வழியில் கட்டி பரவுவது மிக மிக அரிது. உண்மையான அபாயம் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது. அதைப் படம் எடுத்துக் கண்காணிப்பார்கள், தேவைப்பட்டால் குழாய் வைத்துச் சரிசெய்வார்கள். எடுப்பது சேமியா இழை போன்ற ஒரு துணுக்கு, நீளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். அதை மெழுகுக் கட்டியில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு தடிமனில் சீவிப் பார்க்கிறார்கள். இங்கே இரண்டு குறிப்புகள். ஒன்று, துணுக்கு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் டிபி கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. சந்தேகம் இரண்டு பக்கமும் இருக்கும்போது ஒரு துணுக்கைச் சலைனில் டிபி பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஒரே ஊசியில் இரண்டு கேள்விக்கும் விடை வரும். இரண்டு, அந்த மெழுகு பிளாக்கைத் தொலைத்துவிடாதீர்கள். வேறு மருத்துவமனைக்குப் போனாலும், பின்னால் மரபணுச் சோதனை தேவைப்பட்டாலும் அதுதான் உதவும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம், இன்று சிகிச்சையே துணுக்கைப் பார்த்துத்தான் முடிவாகிறது. ஸ்மால் செல் வகைக்குப் பெரும்பாலும் கீமோவும் ரேடியேஷனும். மற்ற வகைகள் ஆரம்பத்தில் பிடிபட்டால் அறுவை சிகிச்சை. முற்றிய நிலையில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணு மாற்றங்களையும் பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவையும் பார்க்காமல் மருந்து தேர்ந்தெடுக்கக் கூடாது. 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கிழக்காசியாவில் புகைக்காத, அல்லது குறைவாகப் புகைத்து நிறுத்திவிட்ட அடினோகார்சினோமா நோயாளிகளுக்குக் கெஃபிடினிப் மாத்திரை கொடுத்தார்கள். ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தவர்களில் 100க்கு 71 பேருக்குக் கட்டி சுருங்கியது. மாற்றம் இல்லாதவர்களில் 100க்கு ஒருவருக்குத்தான். வெளித்தோற்றத்தில் இரு தரப்பாரும் ஒரே மாதிரி நோயாளிகள். இன்னொன்றையும் கவனியுங்கள். டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கெஃபிடினிப்பை உடலில் வேகமாகச் சிதைத்து அதன் பலனைக் கெடுத்துவிடும். டிபி மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் கேன்சர் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

‘நாலாவது ஸ்டேஜாம், இனி எதற்கு ஊசியும் செலவும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பாசம் இருக்கிறது, தகவல் குறைவு. கெஃபிடினிப் போன்ற மாத்திரைகள் இந்தியாவில் ஜெனரிக்காகக் கிடைக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டில் உங்கள் மருத்துவமனையில் எது அடங்கும் என்று காப்பீட்டு உதவி மையத்தில் முதல் நாளே விசாரியுங்கள். மருந்துக்கு இடமில்லாத நிலையிலும் வலி, மூச்சுத்திணறல் தணிக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். பாஸ்டனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், முற்றிய நுரையீரல் கேன்சர் உள்ளவர்களில் தொடக்கத்திலிருந்தே வலிநிவாரண மருத்துவமும் சேர்த்துப் பெற்றவர்கள் இடைநிலைக் கணக்கில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ‘எதற்கும் டிபி மாத்திரை’ என்று எழுதிக் கொடுத்தால், மரியாதையோடு இரண்டு கேள்வி கேளுங்கள். சளியில் கிருமி கண்டுபிடித்தீர்களா டாக்டர்? இல்லையென்றால், சிடி ஸ்கேனும் பயாப்சியும் எந்தத் தேதியில்?