பினாங்கு நாய்க்கு முடி கொட்டும் பருவம் எது?

"சீசன் மாறுது, அதான் கொட்டுது." ஜார்ஜ் டவுனில் நாய் வளர்ப்பவர்கள் பலர் இப்படிச் சொல்லித் தங்களைத் தேற்றிக்கொள்கிறார்கள். குளிர்நாட்டில் இது சரி. அங்கே பகல் நீளும்போது நாயின் உடல் அதை உணர்ந்து, குளிருக்காக வளர்த்த அடிமயிரைக் கழற்றிவிடும். வெயிலைவிடப் பகலின் நீளமே இதற்கு முக்கியத் தூண்டுதல். பினாங்கு நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவு. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. ஆகவே ஹஸ்கியோ கோல்டன் ரிட்ரீவரோ, ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

நம்பிக்கை: மொட்டையடித்தால் உடம்பு குளிரும்.

உண்மை: நாய் சூட்டைப் பெரும்பாலும் நாக்கை நீட்டி இரைத்துத்தான் தணிக்கிறது. இரட்டை ரோமம் உள்ள நாய்க்கு மேல்முடிதான் வெயில் மறைப்பு. அதை மழித்தால் சில நாய்களுக்குப் பல மாதமாகியும் முடி சீராக வளராது. சீப்பால் அடிமயிரை வாரி எடுங்கள். குளிப்பாட்டினால் தோல்வரை உலர்த்துங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் தங்கினால் புண்ணாகிவிடும்.

முடி கொட்டுவது வேறு, திட்டுத் திட்டாக வழுக்கை விழுவது வேறு. சொறிப்பூச்சி, படர்தாமரை, தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை, தைராய்டு குறைபாடு என்று அதற்குக் காரணங்கள் பல. சீசன் என்று சொல்லி நாளைக் கடத்தினால் அவதிப்படுவது அந்த வாயில்லா ஜீவன்தான்.

தெருநாய்க்கு இன்னும் கொடுமை. முடியில்லாத நாயைக் கண்டாலே வெறிநாய் என்று அஞ்சுகிறார்கள். 2015 செப்டம்பரில் பினாங்கில் வெறிநோய் கண்டறியப்பட்டு, தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டது. அந்த அச்சம் புரிகிறது. ஆனால் வெறிநோய் நரம்பையும் மூளையையும் தாக்கும் நோய். முடி கொட்டுவது அதன் அடையாளம் அல்ல. எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கும் நாயின் தோற்றத்துக்கும் தொடர்பில்லை.

பழைய எஞ்சின் ஆயில் பூசினால் சொறி போகும் என்பது எல்லாவற்றிலும் மோசமான நம்பிக்கை. அது மருந்தல்ல, விஷம். நாய் அதை நக்கும், உடலுக்குள் போய்விடும். சொறிப்பூச்சியைக் கொல்ல மாத்திரையும் ஊசியும் உள்ளன. பெரும்பாலான நாய்கள் குணமாகி மறுபடி முடி வளர்க்கின்றன. சிலவகைச் சொறி மனிதருக்கும் ஒட்டும் என்பதால் வெறுங்கையால் தொடாதீர்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு நாய் இருந்தால், ஆயில் டப்பாவை எடுக்காமல் ஒரு விலங்கு மருத்துவரிடம் சொல்லுங்கள்.