நாயாற்றில் கோழி வளர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

1. றாணிக்கெற் என்ற வைரஸ் நோய் வந்த கோழியைக் குணமாக்கும் மருந்து எங்கும் இல்லை. 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் இந்நோய் கண்டறியப்பட்டதிலிருந்து இன்றுவரை இதுதான் நிலை. பச்சையாய்க் கழிந்து, கழுத்து முறுகி நிற்கும் கோழிக்குக் கசாயம் பருக்கி மினக்கெடாமல், அதை உடனே தனிக்கூட்டில் விடுங்கள்.

2. மூலிகை வருத்தம் வருமுன் கொடுப்பது. தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய கைமருந்துகளில் ஒன்று நமக்குத் தோதானது. பத்துக் கோழிக்குக் கீழ்க்காய்நெல்லி 50 கிராம், நற்சீரகம் 10, மிளகும் மஞ்சளும் 5 கிராம் வீதம், உள்ளி ஐந்து பல்லு, சின்ன வெங்காயம் ஐந்து. அம்மியில் மையாக அரைத்துத் தவிட்டில் பிசைந்து வையுங்கள். கீழ்க்காய்நெல்லி மாரி மழைக்கு வளவு வரம்பில் தானாக முளைக்கும். இலைக்காம்பைத் திருப்பினால் அடியில் கடுகுபோல் காய்கள் வரிசையாகத் தொங்கும். அதைப் பார்த்தே பிடுங்குங்கள்.

3. இந்த மூலிகையை நம்பி, றாணிக்கெற் தடுப்புச் சொட்டு மருந்தை விட்டுவிடாதீர்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உள்ளியும் மஞ்சளும் கோழியின் தீன் எடுப்புக்கும் வயிற்றுக்கும் நல்லவை. றாணிக்கெற் வைரசை எதிர்க்கும் சக்தியை உடம்பில் உண்டாக்குவது தடுப்பு மருந்துதான். பொரித்த முதற்கிழமையில் கண்ணில் ஒரு சொட்டு. அடுத்தடுத்த தவணைகளைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். மருந்து வெயிலில் செத்துவிடும். மீன் வாடியில் ஐஸ் வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். குடிதண்ணீரில் கலக்கும் மருந்தென்றால் குளோரின் போட்ட தண்ணீர் கூடாது.

4. கோழி அம்மையை நுளம்பு பரப்பும். நாயாற்றுக் களப்போரத்தில் நுளம்புக்குக் குறைவில்லை. பின்னேரம் கூட்டருகே வேப்பிலைப் புகை போடுங்கள். கொண்டையில் பொருக்கு வந்தால் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். வாய்க்குள் புண் வந்தால் கைமருந்தோடு நில்லாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

5. சந்தையில் வாங்கிய பேட்டை இரண்டு கிழமையாவது தனியே கட்டுங்கள். பெரும்பாலும் வருத்தம் சந்தைக் கூடையில்தான் வீட்டுக்குள் வருகிறது.

6. களப்புக்கு வரும் தாராக்களோடு உங்கள் கோழிகளை மேயவிடாதீர்கள். செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள்.

7. ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் மறைக்காமல் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மிஞ்சியதை அவசரமாக விற்காதீர்கள். வாங்குபவர் வளவுக்கும் வருத்தம் போகும். செத்ததைக் களப்பில் எறியாமல் ஆழக் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடி, நாய் கிளறாதபடி மேலே கல் ஏற்றுங்கள்.