சரிவில் கான் வெட்டுகிறவர்கள்

அன்பின் மகளுக்கு,

மண் பாதுகாப்பு அலுவலர்கள் மரக்கன்று நடுவதைத் தவிர வேறென்ன செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். ஹேவாஹெட்ட மலையில் வளர்ந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது என்று முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் விழாவுக்கு விழா கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதையே நீ பார்த்து வளர்ந்திருக்கிறாய்.

பேராதனையில் விவசாயத் திணைக்களத்தின் இயற்கை வள முகாமைத்துவ நிலையம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அதன் பொறுப்பு. 1996இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அலுவலர்கள் சரிவை அளக்கிறார்கள், மண்ணின் ஆழம் பார்க்கிறார்கள், எந்த நிலத்தில் எதைச் செய்யலாம் என்று திட்டம் வரைகிறார்கள். அதைத் தோட்டக்காரரின் காதில் போடுவது ஊரிலுள்ள விவசாயப் போதனாசிரியரின் வேலை. இதில் கன்று நடுகை ஒரு சிறு பகுதி.

மலை பச்சையாக இருந்தால் மண் பத்திரம் என்ற நினைப்புத்தான் எனக்கு எரிச்சலூட்டுவது. உங்கள் பக்கத்து லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். நெருங்கி மூடிய தேயிலை மண்ணை நன்றாகவே காக்கும். பழைய செடியைப் பிடுங்கி மறுநடுகை செய்யும் காலத்தில்தான் ஆபத்து. அதனால்தான் முதலில் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றுகிறார்கள். மரக்கறித் தோட்டத்தின் நிலை இன்னும் மோசம். மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்தால், ஒவ்வொரு இடைவெளியும் மழைக்கு வாய்க்காலாகிவிடும். அந்த மண்ணெல்லாம் எங்கே போகிறது? ஆற்றுக்குத்தான். 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்ல அணைக்கட்டின் கொள்ளளவில் 44 சதவீதம் 1988க்குள் வண்டலால் நிரம்பிவிட்டது.

இனி கானுக்கு, அதாவது மழைநீர் வடிகாலுக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசினால் நான் நிறுத்தமாட்டேன், பொறுத்துக்கொள். தேயிலை மலையில் கான் சரிவுக்குக் குறுக்கே ஓடும். 120 அடிக்கு ஓரடி இறக்கம் போதும். அதைவிடச் செங்குத்தானால் தண்ணீர் கானையே அரித்துவிடும். இடையிடையே கானின் விளிம்பைவிடத் தாழ்வாகச் சிறு மண்தடைகள் விட்டுவைப்பார்கள். மழைநீர் ஒவ்வொரு தடைக்குப் பின்னாலும் தேங்கி, மண்ணைப் படியவிட்டு, மிச்சம் மட்டும் அடுத்ததற்கு வழியும். நீரும் ஊறும், மண்ணும் தங்கும். ஆனால் படிந்த வண்டலை அள்ளாவிட்டால் கான் தூர்ந்து, அடுத்த பெருமழையில் கரை உடைந்து, கான் இல்லாத சரிவைவிட அதிக கேடு செய்யும். மண்வெட்டியோடு கான் வெட்டும் தொழிலாளியை எந்தப் பாதுகாப்பு விழாவிலும் மேடையேற்றியதாக நான் கேள்விப்படவில்லை. அவரில்லாமல் அலுவலரின் வரைபடம் வெறும் தாள்.

இது புதிய ஞானமுமல்ல. கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே இலங்கையின் மலைக்காடு அழிவதைப் பற்றி எச்சரித்தார். மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. பழைய அறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நீயும் பழகிக்கொள்.

சட்டம் கையில் இருந்தும் அலுவலர் ஏன் தடுக்கவில்லை என்று அடுத்துக் கேட்பாய். ஒரு போகத்துக்குக் குத்தகை பிடித்தவர், அடுத்த போகம் யார் கைக்குப் போகும் என்று தெரியாத நிலத்தில் கல்லணை கட்டுவாரா? பிலிப்பைன்ஸில் உருவான சரிவு வேளாண் முறைப்படி சமவுயரக் கோடுகளில் கிளிரிசிடியா வேலி போடச் சொன்னால், பாத்திக்கான இடம் குறைகிறதே என்பார். தழை உரமாகும், மாட்டுக்குத் தீனியாகும் என்று திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லித்தான் இணங்கவைக்க வேண்டும். அபராதம் விதித்து ஆளை விரட்டிய இடத்தில் அலுவலர் போனபின் வேலி நிலைக்காது.

நீ வரும் விடுமுறையில் ஒன்று செய். இரண்டு கம்பை மேல்முனையில் சேர்த்துக் கட்டி, நடுவே குறுக்குச் சட்டம் வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடு. கால்கள் நிற்கும் இடங்களை அடையாளப்படுத்தி, நூல் சட்டத்தைத் தொடும் இடத்தில் கோடு போடு. அதே அடையாளங்களில் கால்களை மாற்றி வைத்து இன்னொரு கோடு போடு. இரண்டுக்கும் நடுப்புள்ளியில் நூல் நின்றால் இரு கால்களும் ஒரே மட்டம். அதை நகர்த்தி நகர்த்தி, வீட்டுத் தோட்டத்தில் குச்சி நட்டு ஒரு சமவுயர வரிசை பிடித்துப் பார். அதை ஊர்ப் போதனாசிரியரிடம் காட்டி, எங்கே பிழை என்று கேட்டு எனக்கு எழுது.