நூறு வயது ரயிலைப் படம் பிடிப்பது எப்படி?

நியூயார்க் நகரில் 1904-இல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. பேருதான் சுரங்க ரயில். பல இடங்களில் தெருவுக்கு மேலே, இரும்புத் தூண்கள் மேல் போட்ட பாதையிலும் ஓடுது. அங்கே சில விசேஷ நாட்களில் 1917-ஆம் ஆண்டுப் பெட்டிகளையும் ஓட்டுவாங்க. சுரங்கத்தில் வெளிச்சம் போதாது. மேலே வரும்போது எடுத்தால் படம் நல்லா வரும்.

இதில் நம்ம அறிவியல் பாடமும் இருக்கு. மணிக்கு 36 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். கேமரா 1/50 நொடி திறந்திருந்தால், அதற்குள் ரயில் 20 செ.மீ. நகர்ந்துடும். படம் கலங்கிடும். 1/500 நொடி என்றால் 2 செ.மீ.தான். படம் தெளிவா இருக்கும்.

ஃபிளாஷ் போடக் கூடாது, ஓட்டுநர் கண் கூசும். நடைமேடையின் மஞ்சள் கோட்டைத் தாண்டவே கூடாது. நல்ல படம் இன்னொரு நாள் கிடைக்கும். உயிர் கிடைக்குமா?