வேலியே பயிரை மேயும் நோய்

முள் குத்திய இடம் சிவந்து வீங்குகிறது அல்லவா? அது பிறக்கும்போதே நம்மோடு வந்த காவல். மூளைக்குள்ளும் அப்படியொரு காவல் உண்டு, மைக்ரோகிளியா என்பார்கள்.

கரண்ட் வயருக்கு றப்பர் உறை மாதிரி, மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள நரம்பு இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் நம் வெள்ளை அணுக்களே அந்த உறையைத் தாக்குகின்றன. மைக்ரோகிளியாவும் கூடச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் சிதைந்த உறையைக் கூட்டி அள்ளி, புது உறை வளர வழிவிடுவதும் அதேதான்.

ஒரு கண் மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்கே அதிகம். நம் நாட்டில் அபூர்வம்தான். இது தொற்றாது, செய்வினையும் இல்லை. முற்றாகக் குணமாகாவிட்டாலும் தாக்குதலைக் குறைக்க மருந்து உண்டு. மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுவோம்.