ஆதிமூலத்தின் கோடும் அரூப ஓவியப் பயிற்சியும்

பொருளின் தோற்றத்தைக் காட்டாமல் கோடு, தீற்றல், வெற்றிடம் ஆகியவற்றின் உறவிலேயே உருவாவது அரூப ஓவியம். எனினும் உருவத்தை வரைந்து தேர்ந்த கையிலேயே அது உரம் பெறுகிறது என்பதற்கு, கே. எம். ஆதிமூலத்தின் (1938–2008) படைப்புகளைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் அரிது. சிற்பி எஸ். தனபாலின் ஊக்கத்தால் சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்ற அவர், காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி வரைந்த கோட்டோவியங்களில், தோளின் விளிம்பாகவோ போர்வையின் மடிப்பாகவோ தொடங்கும் கோடு அங்கேயே நின்றுவிடாமல் பிற கோடுகளை வெட்டிக்கொண்டு ஓடுகிறது; காந்தியை அடையாளம் காணும் அதே கண், கோட்டின் வேகத்தையும் அழுத்தத்தையும் தனியாக உணர்கிறது. அரசர்களை வரைந்த வரிசையில் அணியும் ஆடையும் கோட்டு வலைகளாகக் கரைந்தன. பின்னர் கோடு உருவத்தை முற்றிலும் துறந்தது. அதன்பின் எண்ணெய் வண்ணப் பரப்புகள் வந்தன. ஒரே பாய்ச்சலில் நிகழாத இம்மாற்றமே பயில்வோர் கருத வேண்டியது.

அக்கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில், சாதகக் கட்டங்களையும் படிக்கவியலாத எழுத்துகளையும் கொண்டு வேறொரு வழியில் அரூபத்தை நெருங்கினார்.

உருவத்திலிருந்து அரூபத்துக்குப் படிப்படியாகச் செல்வதைப் பழக, திண்டுக்கல்லில் பயில்வோருக்கு நகரின் நடுவே நிற்கும் மலைக்கோட்டைப் பாறையே போதிய பாடம். முதலில் அதன் விளிம்பு, வெடிப்பு, மழைநீர் வழிந்த கறை அனைத்தையும் நேரில் பார்த்து உள்ளபடி வரைவதும், அடுத்த தாளில் விளிம்பை விட்டு வெடிப்புகளை மட்டும் எடுப்பதும், பின்னர் வீட்டிலிருந்து நினைவால் வரைவதும் என்று வரிசையாகச் செய்தால், நினைவு கைவிட்டவை பெரும்பாலும் ஓவியத்துக்கு வேண்டாதவை என்பது புலப்படும். சமவெளியிலிருந்து தெரியும் சிறுமலையின் தொடரையும், பூட்டுப் பட்டறையில் அரம் தேய்த்த உலோகத்தின் இணைகீறல்களையும் இவ்வாறே அணுகலாம்.

கருவியை அடிக்கடி மாற்றுவது நல்லதன்று. தொட்டெழுதும் பேனாவின் முள் அழுத்தினால் விரிந்து தடித்த கோட்டையும், தளர்த்தினால் மெல்லிய கோட்டையும் தரும். மை குறைந்த தூரிகை, சொரசொரப்பான கைமுறைத் தாளில் விட்டுவிட்டுப் படியும் உலர்தீற்றலைத் தரும். இவ்வேறுபாடுகள் கைக்குப் பழகுமுன் அடுத்த கருவிக்குத் தாவுவோரின் தீற்றல்கள் ஆழமின்றி நின்றுவிடுகின்றன. கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே இட்டு இருளைக் கூட்டும் முறையிலும் நிறுத்தும் இடம் அறிவதே கடினம். தாள் முழுவதையும் நிரப்பும் ஆர்வம் வெற்றிடத்தின் ஆற்றலை அழித்துவிடுகிறது.

வரைந்ததை மதிப்பிடத் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கலாம். பாறையின் நினைவு குறுக்கிடாததால், எங்கே கோடுகள் வீணாகக் கனக்கின்றன என்பது உடனே தெரியும். அத்தாளிலேயே கோடுகளைச் சேர்த்துச் சரிசெய்வதைவிட, புதிய தாளில் குறைவான கோடுகளுடன் மீண்டும் தொடங்குவதே பயன் தரும்.