நடை பழக இரு மரச் சட்டங்கள்

பக்கவாதத்தால் ஒரு கால் செயலிழந்தவருக்கு முதற்சில மாதங்களில் நாள்தோறும் செய்யும் பயிற்சியே நடையைப் பெரிதும் மீட்டுத் தருகிறது. ஆயினும், நெய்யாற்றின்கரை வட்டத்துச் செங்கல் போன்ற சிற்றூரிலிருந்து அவரை அன்றாடம் நகர மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதெனில், உடன் செல்பவரின் கூலியும் போய்விடும்.

1972இல் கான்பூரில் நிறுவப்பெற்ற செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகமும், 1981இல் தொடங்கிய மத்திய அரசின் உதவித் திட்டமும் ஊன்றுகோல், சக்கர நாற்காலி முதலியன கிடைக்க வழிசெய்தன. முற்றத்தில் நடை பழகுவதற்கான இணைச் சட்டமோ உள்ளூர்த் தச்சரே செய்யக்கூடியது.

நிலத்தில் ஊன்றிய கால்களின்மேல் இரு நீண்ட கைப்பிடிகள், அவ்வளவே. உயரம் நோயாளியின் மணிக்கட்டளவு இருத்தல் வேண்டும். பிடித்து நிற்கையில் முழங்கை 20 முதல் 30 பாகை மடிய வேண்டும். நிற்க இயலாதவரைப் படுக்கவைத்தே அளக்கலாம். இடுப்பின் இருபுறமும் சுமார் 5 செ.மீ. இடைவெளி போதும்.

மரத்தேர்வில்தான் கவனம் தேவை. பால் வற்றியபின் வெட்டப்படும் ரப்பர் மரம் இப்பகுதியில் எளிதில் கிடைக்கும். ஆனால், போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தாவிடில் துளைப்பூச்சி அரித்துவிடும். பதப்படுத்தினாலும் மண்ணில் புதைக்கலாகாது. எனவே கால்களுக்கு ஆஞ்சிலி வைரம், கைப்பிடிக்கு ரப்பர் மரம் என்பதே சிக்கனம். கைப்பிடியை உப்புத்தாளால் நன்கு தேய்க்க வேண்டும். உணர்விழந்த கையில் சிராய் ஏறினால் நோயாளி அறியார்.

2008இல் நோய்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வகுத்த கேரளத்தில் செவிலியர் வீடு தேடி வருகிறார். பிசியோதெரபி வல்லுநர் சொல்லும் அளவுகளை எடுத்துத் தச்சரிடம் சேர்ப்பிக்கும் பணியை அவரிடமே ஒப்படைக்கலாம். தச்சுக்கூலியை ஊராட்சி ஏற்பது பெருஞ்செலவன்று.